வீக்கம் வற்றினால் சகிப்பு வந்துவிட்டதா? மூட்டுவாத எலிகளில் நிர்ப்பீடனச் சகிப்பை உண்டாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று கிழமைக்கு முன் கம்பஸ் தங்கச்சி ஒருத்தி போன் எடுத்தாள். "அக்கா, வாயால் கொலாஜன் கொடுத்த எலிகளுக்கு வீக்கம் பாதியாகக் குறைந்துவிட்டது. சகிப்பு வந்துவிட்டது என்று ஆய்வறிக்கையில் எழுதலாமா?" எழுதாதே என்றேன். ஏன் என்று விளக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போய்விட்டது, தேநீரும் ஆறிவிட்டது. அன்று சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு இந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக எழுதுவதால் நமக்குக் கிடைக்கிற எலி, நம் வெக்கை, நம் போயா விடுமுறை எல்லாம் இடையிடையே வரும்.

நிர்ப்பீடனச் சகிப்பு என்றால், ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பார்த்து உடல் சண்டைக்குப் போகாமல் விட்டுவிடுவது. அந்த ஒரு புரதத்துக்கு மட்டும், அதுவும் மருந்தை நிறுத்திய பிறகும். இந்த இரண்டு நிபந்தனையும்தான் முக்கியம். டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் கொடுத்தாலும் வீக்கம் வற்றும், ஆனால் ஊசியை நிறுத்தினால் திரும்பி வரும், கொடுக்கிற காலத்தில் மற்ற எல்லா எதிர்ப்பும் சேர்ந்தே படுத்துவிடும். அது அடக்குதல், சகிப்பு அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு முதல் நாளே பரிசோதனையை வடிவமைக்காவிட்டால், கடைசி நாளில் எந்தப் புள்ளிவிவரமும் உங்களைக் காப்பாற்றாது.

கொஞ்சம் பழைய கதை. 1911 இல் வெல்ஸ் என்பவர் கினிப் பன்றிகளுக்கு முட்டைப் புரதத்தை முதலில் உண்ணக் கொடுத்தார். பிறகு அதே புரதத்தை ஊசியால் ஏற்றியபோது வழக்கமாக வரும் அனபிலாக்ஸிஸ் என்ற கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரவில்லை. வாய்வழிச் சகிப்பு என்ற எண்ணத்தின் வேர் அங்கே இருக்கிறது. 1977 இல் ட்ரெந்தாம், டவுன்ஸ், காங் மூவரும் குருத்தெலும்பின் முக்கியப் புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனை எலிகளுக்கு ஏற்றி மூட்டுவாதத்தை உண்டாக்கிக் காட்டினார்கள், 1980 இல் அதே மாதிரி சுண்டெலிக்கும் வந்தது. 1986 இல் கொலாஜனை இரைப்பைக்குள் முன்கூட்டியே கொடுத்தால் அந்த நோய் குறைகிறது என்று தெரிந்தது. நோயையும் சகிப்பையும் ஒரே புரதம் உண்டாக்குகிறது. எந்த வழியால் போகிறது, எப்போது போகிறது, எந்தத் துணைப்பொருளோடு (எதிர்ப்பைத் தூண்டிவிடும் அட்ஜுவன்ட்) போகிறது என்பதில்தான் வித்தியாசம். நீங்கள் செய்யப்போவதும் இந்த ஒரு வித்தியாசத்தோடு விளையாடுவதுதான்.

(ஒரு இடைச்செருகல்: இந்த வேலை செய்கிறீர்கள் என்று தெரிந்தால் வெள்ளவத்தையில் எந்தக் கலியாண வீட்டிலும் ஒரு மாமி வந்து "அப்ப கோழிக்கால் சூப் குடிச்சா முழங்கால் நோகாதா பிள்ளை?" என்று கேட்பார். கொதிக்க வைத்தால் கொலாஜனின் மூவிழைச் சுருள் அவிழ்ந்து வெறும் ஜெலட்டின் ஆகிவிடும், எலிகளில் பார்த்தது அவிழாத கொலாஜன், இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லிவிட்டு, சூப் ருசியாக இருக்கும் குடியுங்கோ என்று முடித்துவிடுங்கள்.)

எந்த விலங்கு, எந்த மாதிரி

இங்கேதான் பலர் முதல் பிழை விடுகிறார்கள். எல்லா மூட்டுவாத மாதிரியிலும், அதாவது விலங்கில் நோயை உண்டாக்கும் எல்லா முறையிலும், சகிப்பைச் சோதிக்க முடியாது. தானாகவே மூட்டுவாதம் வருகிற கே/பி.எக்ஸ்.என் சுண்டெலியின் சீரத்தை எடுத்து வேறு சுண்டெலிக்கு ஏற்றினால் சில நாட்களிலேயே மூட்டு வீங்கும், செய்வதற்கும் இலகு. ஆனால் அங்கே நீங்கள் ஏற்றுவது ஏற்கெனவே தயாரான பிறபொருளெதிரிகளை. எதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான டி கலங்கள் தீர்மானிக்க வேண்டிய கட்டமே தாண்டிவிட்டது, அப்புறம் எந்தச் சகிப்பைச் சோதிக்கப் போகிறீர்கள்? கொலாஜனுக்கு எதிரான பிறபொருளெதிரிக் கலவையையும், எல்.பி.எஸ் என்ற பற்றீரியாச் சுவர்ப் பொருளையும் ஏற்றும் மாதிரிக்கும் இதே குறைதான். அழற்சியைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்க அவை நல்லவை, நமக்கு உதவாது.

சகிப்புக்குத் தோதானது கொலாஜன் தூண்டிய மூட்டுவாதம். சுண்டெலியில் செய்வதானால் டி.பி.ஏ/1 இனம் தேவை. அதன் எச்-2க்யூ வகை எம்.எச்.சி மூலக்கூறுதான் கொலாஜனின் அந்த முக்கியத் துண்டை, 260 ஆவது அமினோ அமிலத்தை ஒட்டிய பகுதியை, டி கலங்களுக்கு எடுத்துக் காட்டுகிறது. சி57 கறுப்புச் சுண்டெலிகளில் நோய் குறைவாகவே வரும், வந்தாலும் பிந்தி வரும். ஐ.சி.ஆர் போன்ற கலப்பினச் சுண்டெலிகளை இதற்கு வாங்குவது காசைக் கரைப்பது, ஒவ்வொன்றின் எம்.எச்.சியும் ஒவ்வொரு மாதிரி.

டி.பி.ஏ/1 ஐக் கொழும்புக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. நமக்குக் கைக்கெட்டுவது விஸ்டர் எலி. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் (எம்.ஆர்.ஐ) விலங்குக் கூடத்திலிருந்து அதை எடுத்து வேலை செய்வது இங்குள்ள ஆய்வுகூடங்களுக்குப் பழகிப்போன வழி. அதில் ஒன்றும் வெட்கப்பட வேண்டாம், 1977 இன் முதல் ஆய்வில் இருந்த இனங்களில் விஸ்டரும் ஒன்று. ஆனால் எல்லா எலிக்கும் நோய் வராது, அந்த முதல் ஆய்வில்கூடப் பாதிக்குக் குறைவானவற்றுக்கே வந்தது. ஆகவே குழுவுக்கு ஆறு எலி என்று கணக்குப் போட்டால் கட்டுப்பாட்டுக் குழுவிலேயே இரண்டு மூன்றுக்குத்தான் கால் வீங்கும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது? முன்னோட்டமாக ஒரு சிறு தொகுதியில் நோயை மட்டும் உண்டாக்கிப் பாருங்கள், எத்தனை சதவீதத்துக்கு வருகிறது என்று அறிந்து அதிலிருந்து குழுவின் அளவைக் கணக்கிடுங்கள்.

எலியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கொன்ற மைக்கோபற்றீரியா (காசநோய்க் கிருமியின் வகை) கலந்த முழு அட்ஜுவன்ட், அதாவது சி.எஃப்.ஏ, எந்தக் கொலாஜனும் இல்லாமலே எலிகளுக்கு மூட்டுவாதத்தைத் தரும். 1956 இல் பியர்சன் விவரித்த அட்ஜுவன்ட் மூட்டுவாதம் அதுதான். எலிக்குக் கொலாஜனையும் சி.எஃப்.ஏயையும் சேர்த்து ஏற்றினால் உங்களுக்குக் கிடைப்பது எந்த நோய் என்று உங்களுக்கே தெரியாது. எலிக்கு மைக்கோபற்றீரியா இல்லாத ஐ.எஃப்.ஏ போதும். சுண்டெலிக்குத்தான் பொதுவாக சி.எஃப்.ஏ வேண்டும்.

விண்ணப்பமும் நாட்காட்டியும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலியையும் தொட வேண்டாம். நம் நாட்டில் 1907 ஆம் ஆண்டின் விலங்குக் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் பேசப்படுகிறது, அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டியது நம் மனச்சாட்சி, ஏனென்றால் இந்த மாதிரி விலங்குக்கு உண்மையாகவே நோகும். விண்ணப்பத்தில் எந்தப் புள்ளியில் விலங்கை வலியின்றி முடிப்பீர்கள் என்று எண்ணாகவே எழுதுங்கள். உடல் நிறை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், அல்லது நடந்து போய்த் தண்ணீர் குடிக்க முடியாவிட்டால், அன்றே முடிவு. வீங்கிய காலோடு எலியால் எட்டி உண்ண முடியாது, தீவனத்தைக் கூட்டின் தரையில் போடுங்கள், தண்ணீர்ப் போத்தலுக்கு நீளக் குழாய் போடுங்கள், மெத்தென்ற படுக்கை வையுங்கள். வலிநிவாரணியை விலங்கு வைத்தியரோடு கதைத்துத் தீர்மானியுங்கள். இப்யூபுரோஃபன் வகை மருந்துகள் வீக்கத்தையே குறைத்துவிடும் என்பதால் புப்ரனோர்ஃபின் போன்றவை பற்றித்தான் பேச்சு வரும். எதைக் கொடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரிக் கொடுக்க வேண்டும்.

பிறகு நாட்காட்டியை எடுங்கள். சிரிக்காதீர்கள், இந்தப் பரிசோதனையில் நாள் தவறக்கூடாது. எலிக்கு 0 ஆம் நாள் முதல் ஊசி, 7 ஆம் நாள் ஊக்க ஊசி. சுண்டெலிக்கு 0 உம் 21 உம். நான் ஒருமுறை வெசாக் வாரத்தை மறந்து 0 ஆம் நாளைக் குறித்துவிட்டேன். ஊக்க ஊசி போட வேண்டிய நாள் போயாவில் விழுந்தது, விலங்குக் கூடத்தின் திறப்பு ஊருக்குப் போன ஒருவரின் பையில் இருந்தது. சித்திரை வருடப் பிறப்பு இன்னும் மோசம், ஒரு கிழமைக்கு ஆளே கிடைக்காது. பால் கொடுக்கிற பிள்ளைக்கு நேரம் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும்.

கொலாஜனைக் கையாளுவது

உலர்நிலைக் கொலாஜனாக வாங்கினால் கட்டுநாயக்காவில் இரண்டு நாள் சுணங்கினாலும் தாங்கும், கரைசலாக வாங்கினால் நெஞ்சு பதறும். 0.05 மோலர் அசற்றிக் அமிலத்தில் மில்லிலீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில், 4 பாகை குளிரில், இரவு முழுக்க மெதுவாகச் சுழல விட்டுக் கரையுங்கள். குலுக்க வேண்டாம், சூடாக்கவே வேண்டாம். நோயை உண்டாக்குவது மூவிழைச் சுருள் கலையாத கொலாஜன் மட்டும்தான், சுருள் அவிழ்ந்தால் ஊசி போட்டும் மூட்டு வீங்காது. ஏசி நின்றுபோன கொழும்பு ஆய்வுகூடத்தில் மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பொருள் அல்ல இது. ஐஸ் பெட்டி பக்கத்திலேயே இருக்கட்டும்.

சந்தையில் கோழி நெஞ்சுக் குருத்தெலும்பு வாங்கி நாமே பிரித்தெடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முடியும், பெப்சினால் செரிக்க வைத்து உப்பால் படியவைக்கும் பழைய முறை இருக்கிறது. ஆனால் பெப்சின் துளி மீந்திருந்தாலும் டி கலங்கள் அதற்கும் பதில் சொல்லும், அப்போது உங்கள் கலப் பரிசோதனை கொலாஜனைப் பற்றிச் சொல்கிறதா பெப்சினைப் பற்றியா என்று பிரிக்க முடியாது. முதல் தடவை வாங்கியே செய்யுங்கள்.

குழம்பாக்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் இதை வாசியுங்கள். நோய் வராமல் போன பரிசோதனைகளை நான் நோண்டிப் பார்த்தபோதெல்லாம் முக்கால்வாசிப் பிழை இங்கேதான் இருந்தது.

கொலாஜன் கரைசலும் எண்ணெயான அட்ஜுவன்டும் பிரியாத ஒரே குழம்பாக வேண்டும், இரண்டும் சம அளவு. அட்ஜுவன்டை முதலில் எடுத்துக் குளிரவைத்து, கொலாஜனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மூவழி அடைப்பானால் இணைத்த இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே இருங்கள். கை வலிக்கும். ஹோமோஜினைசர் இருந்தால் நல்லது, ஆனால் அது சூடாக்கும், சில நொடிகள் ஓட்டி, ஐஸில் வைத்து, மீண்டும் ஓட்ட வேண்டும். வெண்ணெய்போல் கட்டியானதும் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். முத்துப்போல் கலையாமல் அப்படியே நிற்க வேண்டும். கலைந்து படர்ந்தால் தயாராகவில்லை, கொஞ்சம் கலைந்தால் "பரவாயில்லை" என்று நினைக்காதீர்கள், அது பரவாயில்லை அல்ல. செய்த அன்றே, ஒரு மணித்தியாலத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

சிரிஞ்சு முனை திருகிப் பூட்டுகிற வகையாக இருக்கட்டும். சாதாரண முனை என்றால் அழுத்தத்தில் ஊசி கழன்று குழம்பு முகத்தில் அடிக்கும், கண்ணாடி கட்டாயம். சி.எஃப்.ஏ கையாளுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாம் எல்லோரும் பிறந்தவுடனே பி.சி.ஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்கள். மைக்கோபற்றீரியாவை ஏற்கெனவே அறிந்த உடலில் தவறுதலாக அந்த ஊசி குத்திவிட்டால் விரல் மோசமாக வீங்கிப் புண்ணாகலாம். குத்தினால் மறைக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள், உள்ளே போனது என்ன என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள்.

எலிக்கு மயக்கம் கொடுத்து, வாலின் அடியில், தோலுக்குள், 200 மைக்ரோகிராம் கொலாஜன். 7 ஆம் நாள் பாதி அளவு, கொஞ்சம் தள்ளி வேறு இடத்தில். சுண்டெலிக்கு 100 மைக்ரோகிராம். தோலுக்குள் என்றால் தோலுக்குள்தான், கீழே போனால் நோய் குறையும். சரியாகப் போனால் வெளிறிய சிறு மேடு ஒன்று தெரியும், ஊசி தள்ளக் கடினமாக இருக்கும். கால் பாதத்தில் சி.எஃப்.ஏ போடுவது பழைய பழக்கம், அதை விடுங்கள். விலங்குக்கும் கொடுமை, எந்த வீக்கம் ஊசியால் வந்தது எது நோயால் வந்தது என்றும் தெரியாது.

சகிப்பைக் கொடுப்பது

வாய்வழி என்றால் 0 ஆம் நாளுக்கு முந்தைய இரண்டு கிழமைகளில், ஒருநாள் விட்டு ஒருநாள், உருண்டை முனைக் குழாயூசியால் இரைப்பைக்குள். அளவைப் பற்றித்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். சிறு அளவைப் பல தடவை கொடுத்தால் டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-10 என்ற அமைதிப் பொருட்களைச் சுரக்கும் ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் எழும். மில்லிகிராம் கணக்கில் பெரிய அளவைக் கொடுத்தால் அந்தப் புரதத்தை அறியும் டி கலங்கள் செயலிழக்கும், அல்லது அழியும். இரண்டும் சகிப்புதான், ஆனால் பின்னால் நிரூபிக்கும் வழி வேறு. முதல் வகையை வேறு விலங்குக்கு மாற்ற முடியும், இரண்டாவதை முடியாது, இல்லாமல் போன கலத்தை எப்படி மாற்றுவது? ஆகவே எதைத் தேடுகிறோம் என்று முடிவுசெய்த பிறகே அளவு. 1990 இல் வெய்னரின் குழு லூயிஸ் எலிகளுக்குச் சில மைக்ரோகிராம் கொலாஜனை மூன்று தடவை மட்டும் ஊட்டி, கொலாஜனே சேராத அட்ஜுவன்ட் மூட்டுவாதத்தைக் குறைத்தது. மூட்டுக்குள் இருக்கும் கொலாஜனைச் சந்திக்கிற ஒழுங்குபடுத்தும் கலங்கள் அங்கே வைத்து அமைதிப் பொருட்களைச் சுரக்க, பக்கத்தில் நிற்கிற வேறு சண்டைக்காரர்களும் அடங்கிவிடுகிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். மனிதனில் எந்தப் புரதத்தால் நோய் தொடங்கியது என்று தெரியாத நிலையில் இது எவ்வளவு பெரிய ஆசையைக் கிளப்பியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1993 இல் 60 நோயாளிகளுக்குக் கோழிக் கொலாஜன் கொடுத்த ட்ரெந்தாமின் சோதனை அந்த ஆசையில் வந்ததுதான். பின்னால் வந்த பெரிய சோதனைகள் அவ்வளவு தெளிவான பலனைத் தரவில்லை.

குழாயூசி விலங்குக்குப் பயத்தைக் கொடுக்கும், பயம் கோர்ட்டிகொஸ்டெரோன் என்ற அழுத்த ஹோமோனைக் கூட்டும், அது தனியாகவே மூட்டுவாதத்தைக் குறைக்கும். அதனால் ஒன்றும் கொடுக்காத குழுவை மட்டும் கட்டுப்பாடாக வைப்பது போதாது. அதே நீர்த்த அமிலத்தை மட்டும் அதே குழாயால் பெறும் குழு ஒன்று, சம்பந்தமில்லாத புரதமாகிய ஓவால்புமினை (முட்டை வெள்ளைக்கருப் புரதம்) அதே அளவில் பெறும் குழு ஒன்று, நோயே உண்டாக்காத குழு ஒன்று, இவ்வளவும் வேண்டும். ஓவால்புமின் குழு வைப்பவர்கள் தீவனத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சில இடங்களில் பராமரிப்பாளர்கள் பாசத்தில் அவித்த முட்டை கொடுப்பார்கள், அந்த எலிகளுக்கு ஓவால்புமின் ஏற்கெனவே பழகிப்போன சாப்பாடு. கொடுக்கிற புரதத்தில் எல்.பி.எஸ் கலந்திருக்கக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும், அபாய மணியை அடித்துக்கொண்டே அமைதி பேச முடியாது.

வேறு வழிகளும் உண்டு. மூக்கால் கொலாஜன் துண்டைக் கொடுப்பது, உடலில் கரைந்துபோகும் பி.எல்.ஜி.ஏ நுண்துகளுக்குள் அடைத்துக் கொடுப்பது, டி கலங்களுக்குப் புரதத்தைக் காட்டும் டென்றிற்றிக் கலங்களை என்புமச்சையிலிருந்து வளர்த்து, அவற்றை டெக்ஸாமெதசோன் அல்லது விற்றமின் டி3 யால் சாதுவாக்கிக் கொலாஜனைக் காட்டித் திருப்பி ஏற்றுவது. கடைசி வழியில் போகிறவர்கள் ஏற்றுவதற்கு முன் அந்தக் கலங்களை எல்.பி.எஸ்ஸால் சீண்டிப் பார்க்க வேண்டும். சண்டையைத் தூண்டும் சிடி86 ஏறாமல், ஐஎல்-12 சுரக்காமல், ஐஎல்-10 மட்டும் வந்தால்தான் அவை சாது. உடம்புக்குள் போன பிறகு கெட்டுப்போனால் நீங்கள் கொடுத்தது தடுப்பூசி, சகிப்பு அல்ல.

நோய் வந்த பிறகு கொடுத்தால் என்ன? அதுதான் மருத்துவத்துக்குத் தேவையான கேள்வி, அதுதான் கடினமும்கூட. முன்கூட்டிக் கொடுத்து வென்ற பல முறைகள் வீங்கிய காலுக்கு முன் தோற்றுப்போகின்றன. முதலில் தடுப்பில் வெல்லுங்கள், பிறகு முதல் வீக்கம் தெரிந்த நாளிலிருந்து கொடுக்கும் தனிப் பரிசோதனை செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு "சிகிச்சை" என்று பெயர் வைக்க வேண்டாம்.

மதிப்பெண்

ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 16. ஒரு விரல் மட்டும் சிவந்து வீங்கினால் 1, முழுப் பாதமும் கணுவும் வீங்கி மூட்டு அசையாமல் போனால் 4. இடையில் உள்ளதை உங்கள் ஆய்வுகூடத்தில் படம் எடுத்து ஒட்டி வைத்து எல்லோரும் அதையே பின்பற்றுங்கள். நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள். அந்த ஆளுக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியவே கூடாது. விலங்குகளுக்கு எழுத்துக் குறியை வேறொருவர் போட்டு, பட்டியலை உறையில் வைத்து ஒட்டட்டும். வேர்னியர் கலிப்பரால் கணுவின் தடிப்பையும் அளந்து வையுங்கள், கண் சில நாட்களில் இரக்கப்படும், கலிப்பர் இரக்கப்படாது.

வெளிநாட்டுக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போனபோது என் முதல் டி.பி.ஏ/1 தொகுதியில் 9 ஆம் நாளே இரண்டு சுண்டெலிக்குக் கால் வீங்கியது. கெதியாக வந்துவிட்டதே என்று நான் துள்ளினேன். அங்கிருந்த வயதான தொழில்நுட்பவியலாளர் சுண்டெலியைத் திருப்பிப் பிடித்து, வாலில் இருந்த பல் தடத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். டி.பி.ஏ/1 ஆண்கள் கடிபடும். அது போதாதென்று, வயதேறிய ஆண்களைச் சேர்த்து வைத்தால் எந்த ஊசியும் இல்லாமலே கணுக்கள் இறுகிப்போகும் நோயும் அந்த இனத்துக்கு உண்டு. கடி, காயம், நகம் முறிவு எல்லாவற்றையும் தனி நிரலில் எழுதுங்கள்.

கணக்குப் பார்க்கும்போது நாலு காலையும் நாலு விலங்காக எண்ணாதீர்கள், ஒரு எலி ஒரு எண். மதிப்பெண் வரிசைத் தரவு, சராசரி எடுத்து டி-சோதனை போடுவதைவிட மான்-விட்னி சோதனை பொருத்தம். குழுக்களைக் கூடு கூடாகப் பிரிக்காமல் ஒரே கூட்டுக்குள் கலந்து வைக்க முடிந்தால் வையுங்கள், குடல் பற்றீரியா கூட்டுக்குக் கூடு மாறும், அது மூட்டுவாதத்தையும் மாற்றும்.

இப்போது நிரூபியுங்கள்

வீக்கம் குறைந்துவிட்டது. சரி. தங்கச்சி நின்ற இடம் இதுதான், வேலை தொடங்குவதும் இங்கேதான்.

முதலில், கொடுப்பதை நிறுத்தி மேலும் சில கிழமை பாருங்கள், முடிந்தால் கொலாஜனை மீண்டும் ஏற்றிச் சீண்டுங்கள். அப்போதும் அமைதியாக இருக்கிறதா? அடுத்து, அதே எலிகளில் சிலவற்றுக்கு ஓவால்புமினை அட்ஜுவன்டோடு ஏற்றுங்கள். அதற்கு எதிரான பிறபொருளெதிரி வழமைபோல் ஏறினால் உங்கள் சகிப்பு கொலாஜனுக்கு மட்டுமானது, அதுவும் படுத்துவிட்டால் நீங்கள் செய்தது பொது அடக்குதல்.

பிறகு கலங்கள். வாலடியில் ஊசி போட்டதால் கவட்டு நிணநீர்க்கணுக்களை, 10 முதல் 14 ஆம் நாளுக்குள், வேறொரு சிறு குழுவிலிருந்து எடுத்து வளர்ப்பில் கொலாஜனோடு மூன்று நாள் வையுங்கள். இங்கே ஒரு சூட்சுமம்: நோய்க்கும், பிறபொருளெதிரியை அளக்கும் எலைசாச் சோதனைக்கும் சுருள் கலையாத கொலாஜன் வேண்டும், டி கலப் பரிசோதனைக்குச் சூடாக்கிச் சுருள் அவிழ்த்ததுதான் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் டி கலம் பார்ப்பது வெட்டுப்பட்ட துண்டை. இதைத் தெரியாமல் "டி கலங்கள் பதில் சொல்லவில்லை, ஆகவே சகிப்பு" என்று எழுதினால் கட்டுப்பாட்டுக் குழுவும் பதில் சொல்லாமல் நிற்கும். சண்டையைக் கூட்டும் ஐஎஃப்என்-காமா, ஐஎல்-17, அதை அடக்கும் ஐஎல்-10 மூன்றையும் அளவிடுங்கள். டிஜிஎஃப்-பீட்டா அளப்பவர்கள் கவனம், அது உறங்குநிலையில் வரும், அமிலத்தால் எழுப்ப வேண்டும், வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்த மாட்டுச் சீரத்திலேயே அது நிறைய இருக்கிறது. கலமே இல்லாத வெறும் ஊடகத்தை ஒரு கிணற்றில் வைத்து அளந்து பாருங்கள், பலருடைய "கண்டுபிடிப்பு" அந்தக் கிணற்றிலேயே இருக்கும்.

ஒழுங்குபடுத்தும் டி கலங்களை அடையாளம் காணச் சிடி4, சிடி25, ஃபொக்ஸ்பி3 என்ற மூன்று குறிகளையும் பாருங்கள். 1995 இல் சகாகுச்சி காட்டிய அந்தச் சிடி25 கலங்களும், பிரன்கோவும் ராம்ஸ்டெலும் 2001 இல் பிடித்த அந்த ஃபொக்ஸ்பி3 மரபணுவும் சேர்ந்து 2025 இல் மூவருக்கும் நோபல் பரிசைக் கொடுத்தன, ஆகவே உங்கள் பரீட்சகர் இதைக் கட்டாயம் கேட்பார். ஆனால் சதவீதம் ஏறியதைக் காட்டுவது மட்டும் நிரூபணம் ஆகாது, அழற்சி இருக்கிற இடத்திலும் அவை ஏறும். உண்மையான சோதனை மாற்றுதல்: சகிப்பு வந்த விலங்கின் மண்ணீரலிலிருந்து சிடி4 கலங்களைப் பிரித்து, ஒன்றும் அறியாத விலங்குக்கு ஏற்றி, பிறகு அதற்கு நோயை உண்டாக்கிப் பாருங்கள். காப்பாற்றினால் உங்கள் கையில் இருப்பது உயிருள்ள சகிப்பு. இங்கே விஸ்டர் எலி காலை வாரும். அது மரபில் எல்லாம் ஒன்றாக இருக்கிற தூய இனம் அல்ல, ஒன்றின் கலத்தை மற்றதன் உடல் அந்நியமாகப் பார்த்து எதிர்க்கும். மாற்றுதல் செய்யத் திட்டமிட்டால் லூயிஸ் போன்ற தூய இனமோ டி.பி.ஏ/1 ஓ கட்டாயம், அல்லது அந்தப் பகுதியை வெளியிலுள்ள கூட்டு ஆய்வுகூடத்தில் செய்யும்படி முதலிலேயே பேசி வையுங்கள். எதிர்ப்பக்கச் சோதனையும் செய்யலாம், சிடி25 க்கு எதிரான பிறபொருளெதிரியால் அந்தக் கலங்களைக் குறைத்தால் நோய் திரும்ப வர வேண்டும்.

கடைசியாக மூட்டு. கால்களை ஃபோர்மலினில் நிலைநிறுத்தி, ஈடிடிஏயில் இரண்டு மூன்று கிழமை ஊறவிட்டு, ஊசி குத்தினால் தடையின்றி இறங்கும்வரை கல்சியத்தை நீக்கிய பிறகே வெட்ட வேண்டும். அவசரத்துக்குக் கடும் அமிலம் போட்டால் சாஃப்ரனின் சாயம் பிடிக்காது, குருத்தெலும்பு போய்விட்டது என்று தப்பாக வாசிப்பீர்கள். வெளியே வீக்கம் இல்லாத காலிலும் உள்ளே என்பு அரித்திருக்கலாம், ஆகவே எல்லா விலங்கின் காலையும் வெட்டுங்கள், வீங்கியதை மட்டும் அல்ல.

சீரத்தை மூன்று சிறு குழாய்களாகப் பிரித்து இரண்டு வெவ்வேறு ஃப்ரீசர்களில் வையுங்கள், ஒன்று ஜெனரேட்டர் உள்ள கட்டடத்தில் இருக்கட்டும். 2022 இல் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்ட பங்குனி மாதத்தில் நான் ஒரு முழுத் தொகுதியின் சீரத்தை இழந்தேன், எலைசா தட்டு வாங்கக் காசு சேர்த்து முடிந்த அதே கிழமையில்.